சரிங்க துரை

தனேஷ் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு மேனேஜராக வரும்வரை, துரை என்ற சொல் வயதானவர்கள் வாயில் மட்டும்தான் இருந்தது. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்த முதல் வாரத்திலேயே அவர் அதைத் தூசு தட்டி எடுத்தார். முழங்கால்வரை காலுறை, காக்கி அரைக்கால் சட்டை, வட்டத் தொப்பி. “எல்லாரும் என்னைத் துரைன்னே கூப்பிடலாம். ஹெரிட்டேஜ்!” என்றார். சுற்றுலா வந்தவர்கள் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கேமரன் மலைக் குளிரில் அவருடைய முழங்கால்கள் நீலம் பாய்ந்தன. மரபுக்காக அதையும் பொறுத்துக்கொண்டார்.

மாதந்தோறும் ‘மக்கள் குரல்’ என்று ஒரு கூட்டம் நடத்தினார். துரை திட்டத்தைச் சொல்வார், கருத்துக் கேட்பார். மக்கள் “சரிங்க துரை” என்று குரல் கொடுப்பார்கள். ஒருமனதாக நிறைவேறியது என்று ஃபேஸ்புக்கில் படம் வந்துவிடும். அது பொய்யும் இல்லை. அந்தச் சொல்லில் பேச்சைத் தொடங்கியவர்களுக்கு அதற்கு மேல் எதுவும் தோன்றுவதே இல்லை. தலை தானாகக் குனியும். குனிந்த தலைக்குத் தெரிவதெல்லாம் சொந்தச் செருப்புதான்.

இந்த மாதத் திட்டம், ஆயாக்கொட்டாயை மூடிவிட்டு அங்கே ‘மரபுத் தேநீர்க்கூடம்’ திறப்பது. வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அது. சோஃபியாவின் இரண்டு வயது மகனும் பகலெல்லாம் அங்கேதான் இருந்தான். கொட்டாய் போனால், தேயிலை ஃபேக்டரியில் அவள் பார்க்கும் பேக்கிங் வேலையும் போய்விடும்.

“கூட்டத்துல நான் பேசப்போறேன்,” என்றாள் புருஷனிடம்.

எட்ரியன் திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றும் லோரி ஓட்டுபவன். “அப்ப பழகிக்க. நான்தான் துரை,” என்று மழைத் தொப்பி ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். “சொல்லும்மா, என்ன விசயம்?”

“துரை, ஆயாக்கொட்டாய மூடினீங்கன்னா...”

“மூடத்தான் போறோம்.”

“சரிங்க துரை.”

எட்ரியன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். “ஏய், கல்யாணமானதுலேர்ந்து ஒருநாளாவது எங்கிட்ட சரின்னு சொல்லிருக்கியா நீ?”

“அதான் எனக்கும் புரியல. மனசுல நெறையா வச்சிருந்தேன். துரைன்னு ஆரம்பிச்சதும் எல்லாம் ஓடிருச்சு.”

மறுபடி முயன்றார்கள். மறுபடியும் “சரிங்க துரை”தான் வந்தது. எட்ரியன் கண்ணாடியில் தன்னை ஒருமுறை பார்த்தான். “இந்தத் தொப்பிய இனிமே தெனம் போடப்போறேன்.”

சனிக்கிழமை மாலை பிரிஞ்சாங் இரவுச் சந்தையான பசார் மாலாமில் இருவரும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சோளமும் சுட்டு விற்பது வழக்கம். அன்று கோலாலம்பூர்க்காரர் ஒருவர் பளபளக்கும் காடியில் வந்து இறங்கினார். கையில் தங்கச் சங்கிலி, குரலில் தோரணை. கிழங்கைப் புரட்டிப் பார்த்துப் பாதி விலைக்குக் கேட்டார்.

“முடியாது லா, பாஸ். பாதி வெலைக்கு வேணும்னா பாதிக் கெழங்கத் தரேன், மீதிய நானே தின்னுக்கறேன்,” என்றாள் சோஃபியா.

அவர் சிரித்துவிட்டு முழு விலையையும் கொடுத்துப் போனார்.

“இவரு நம்ம துரையவே வெலைக்கு வாங்கிருவாரு. இவருகிட்ட எப்பிடி அழகா முடியாதுங்கற!” என்றான் எட்ரியன்.

“இவரு பாஸ் தானே. துரை இல்லியே,” என்றாள் சோஃபியா. சொன்னவள் சோளத்தைத் திருப்பாமல் அப்படியே நின்றாள். கருகும் வாசனை வந்தது. “ஏங்க, எனக்கு எங்க ஆரம்பிக்கணும்னு தெரிஞ்சு போச்சு.”

பசார் மாலாமில் எல்லாரும் பாஸ். வாங்குபவர், விற்பவர், கூட்டிப் பெருக்குபவர், எதிர்க்கடைச் சீன முதலாளி தவுக்கே, எல்லாரும். பாஸ் என்று அழைத்தவரிடம் யாரும் குனிந்து நின்றதில்லை. பேரம்தான் பேசியிருக்கிறார்கள்.

கூட்டத்தன்று தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசு மைக்கைத் தட்டி, “மாண்புமிகு துரை அவர்கள்” என்று தொடங்கினார். தனேஷ் திரையில் தேநீர்க்கூடத்தின் படங்களை ஓடவிட்டார். தாய்மார்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “உங்கள் மேலான கருத்து?”

“சரிங்க...” என்று முன்வரிசை எழும்பும்போதே பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“முடியாது லா, பாஸ்.”

கார்த்திகேசுக்கு வியர்த்துவிட்டது. “சோஃபியா! துரைன்னு சொல்லும்மா!”

“துரைன்னா அடுத்தது சரிங்கன்னுதான் வருது, கிராணியாரே. பாஸ்னாதான் எனக்குப் பேச்சு வருது. பாஸ், இவ்ளோ நல்ல எடத்த விட்டு எங்க புள்ளைங்க எங்க போகும்?”

தனேஷும் வார இறுதிகளில் பசார் மாலாமுக்குப் போகிறவர்தான். அந்தக் குரல் கேட்டதும் வாய் முந்திக்கொண்டது. “பாதிக் கட்டடம் தரேன் லா.”

“பாதிக் கொட்டாய்ல புள்ளைங்க பாதித் தூக்கமா தூங்கும்?”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. செருப்பைப் பார்த்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

“அப்ப... காலைல புள்ளைங்க, மத்தியானம் டூரிஸ்ட்.”

“புள்ளைங்க ஈரம் பண்ண பாய்ல டூரிஸ்ட் உக்காருவாங்களா, பாஸ்? ரோட்டோரம் பழைய ஸ்டோர் சும்மா கெடக்குது. பஸ் நிக்க எடம் இருக்கு, வாசல்ல நின்னா தேயிலை மல முழுசாத் தெரியுது. உங்களுக்காகத்தான் சொல்றேன், வேற ஆளுக்கு இந்த எடத்தக் காட்ட மாட்டேன்.”

“ஸ்டோர் கூரை ஒழுகுதே.”

“அதுக்குத்தான் மரபுன்னு பேரு வச்சிருக்கீங்களே!”

இதற்குள் நடுவரிசையில் ரஞ்சிதம் எழுந்துவிட்டாள். ஆயாக்கொட்டாயில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். “பாஸ், அப்பிடியே கொட்டாய்க்குச் சுடுதண்ணிக் குழாயும் போட்டுக் குடுத்துருங்க.” ஓரத்திலிருந்து தங்கையா கத்தினார்: “பாஸ், லயத்து வீடுங்களுக்கு வெளக்கு!” இத்தனை நாள் இவர்களுக்குத் தோன்றாமலிருந்த கருத்துகள் இப்போது முட்டி மோதிக்கொண்டு வந்தன. கடைசியில் கார்த்திகேசே மைக்கை மூட மறந்து, “பாஸ், எனக்கும் அந்த லீவு...” என்றார். அது ஒலிபெருக்கியில் மலையெங்கும் கேட்டது.

தனேஷ் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தலை வேர்த்திருந்தது. சோஃபியாவைப் பார்த்தார்.

“சரிங்க,” என்றார்.

கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது.

திங்கட்கிழமை காலை மகனை ஆயாக்கொட்டாயில் விட்டுவிட்டு சோஃபியா ஃபேக்டரிக்குப் போனாள். குழாய்க்காரர்கள் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையிட வந்த தனேஷ் நீளக் கால்சட்டை அணிந்திருந்தார்.

மாலையில் அவள் வீடு திரும்பியபோது எட்ரியன் மழைத் தொப்பியோடு நாற்காலியில் சாய்ந்திருந்தான்.

“துரைக்கு ஒரு டீ கொண்டாம்மா.”

“முடியாது லா, பாஸ்.”

எட்ரியன் தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனான். “சீனி எவ்ளோ, பாஸ்?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.