அரை மணி லேட்டு

மகள் பெற்றீசியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை வட்டகொடை மாதா கோவிலில் முதல் நன்மை வாங்கும் சடங்கு. அக்கரப்பத்தனையில் தேயிலைத் தோட்டக் கிளாக்கராக இருந்த றோலண்டுக்கோ லீவு இல்லை. கொழுந்துக் காலம், ஞாயிறும் வேலை. எந்த ஆட்கள் எந்த மலைக்கு என்று ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்குத் தாள் அடித்துக் கொடுக்க ஆள் வேண்டுமாம். கந்தோருக்குப் புதிதாக வந்திறங்கிய கம்ப்யூட்டர் தானாக அடித்துக் கொடுத்தால் போகலாம் என்று தொரை சொல்லிவிட்டார்.

அந்தப் பெட்டிக்குள்ளேயே 'ஏட்' என்று ஒரு கட்டளை இருந்தது. இன்ன நேரத்துக்கு இன்ன வேலை என்று தட்டிவைத்தால் அதுவே செய்யும். றோலண்ட் ஐந்தரைக்கு என்று தட்டிவைத்தான். வெள்ளி காலை ஐந்தரைக்குப் பெக்டரிச் சங்கு ஊதியது, பனியில் சனம் நின்றது, பெட்டி மட்டும் குத்துக்கல்லாட்டம் கிடந்தது. அவசரமாகக் கையால் எழுதி ஆட்களை அனுப்பிவிட்டுப் பிளேன்டீயை வாயில் வைத்தபோது, அந்தச் சனியன் கடகடவென்று அடிக்கத் தொடங்கியது.

தொரையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். தட்டியதையெல்லாம் எழுத்தெழுத்தாகப் பார்த்தான், ஒரு பிழையும் இல்லை. சனிக்கிழமையும் அதே கூத்து. தலையில் கைவைத்து உட்கார்ந்தவனைக் கங்காணி வீரய்யா எட்டிப் பார்த்தார்.

"விடுங்க கிளாக்கரய்யா. நம்ம பஸ்ஸு மாதிரி இதுவும் அரை மணி லேட்டு."

றோலண்டுக்குச் சுருக்கென்றது. பஸ் எங்கே லேட்டு? சனம் வெள்ளென வரவேண்டுமென்று பழைய தொரை பெக்டரிக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்துவிட்டுப் போனவர். சங்கு ஊதுவதும் அதைப் பார்த்துத்தான், அவன் கைக்கடிகாரமும் அதைப் பார்த்து வைத்ததுதான். இத்தனை வருசமாகப் பஸ்காரனை அநியாயத்துக்கு ஏசியிருக்கிறான். கம்ப்யூட்டருக்கோ அதைப் பொருத்த வந்த கொழும்பு ஆள் ரேடியோ நேரத்தை வைத்துவிட்டுப் போயிருந்தான். தோட்டத்தில் சரியான நேரம் காட்டியது அந்தப் பெட்டி ஒன்றுதான், ஏச்சும் அதற்குத்தான்.

தொரையிடம் போய்ச் சொன்னான். பெக்டரிக் கடிகாரத்தில் யாரும் கைவைக்கக் கூடாது, கம்ப்யூட்டரை மாற்று, நாளைக்கும் பிந்தினால் கந்தோர்ப் பக்கமே வராதே என்றார். கம்ப்யூட்டர் நேரத்தையும் அரை மணி முன்னே மாற்றித் தொலைத்துவிட்டு மாலை பஸ் ஏறினான்.

ஞாயிறு விடியலில் வட்டகொடை வீட்டில் மனைவி இசபெல் மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். அவன் கைக்கடிகாரத்தில் ஐந்தரை. சுவர்க் கடிகாரத்தில் ஐந்துதான்.

"இந்நேரம் அடிச்சிருக்குமாங்க?" என்று கேட்டாள் இசபெல்.

றோலண்ட் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டான். "அடிச்சா அடிக்கட்டும், அடிக்காட்டி தொரை கத்தட்டும். நமக்கு இன்னும் அரை மணி இருக்கு. சீப்ப இங்க குடு" என்று மகளுக்குப் பின்னால் உட்கார்ந்தான்.