நூற்றைத் தாண்டாத நாடி

மூக்குக் கண்ணாடிக் கடையின் முன்பக்கத்தில் கணவர் கண் பரிசோதிப்பார். பின்னறையில் மனைவி லென்ஸை மெஷினில் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவாள். அன்று ஒரு வாடிக்கையாளருக்கு உட்கார இருக்கை இல்லாமல் கணவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, அந்த ஸ்டூல எடுத்துட்டு வா. நீ மட்டும் அதுல உக்காந்துடாத, பாவம் அது!"

வாடிக்கையாளர் சிரித்தார். அவளும் சிரித்தாள். இருபத்திரண்டு வருடமாகப் பழகிய சிரிப்பு.

அவளுடைய நாற்பத்தெட்டாவது பிறந்தநாளுக்குக் கணவர் நாடித் துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் வாங்கித் தந்தார்.

"நூத்திநாலுல இருந்து நூத்தியிருபது வரைக்கும்தான் கொழுப்பு கரையுமாம். அதுக்குள்ள போனா பச்சை வட்டம் வரும். வரலைன்னா நடந்ததெல்லாம் வீண்" என்றார், யாரோ சொன்னதை அப்படியே ஒப்பித்து.

காலையில் விளையாட்டு மைதானத்தைச் சுற்றி நடந்தாள். தொண்ணூற்றிரண்டு. வேகத்தைக் கூட்டினாள். தொண்ணூற்றாறு. மூச்சு இரைத்தது, முதுகு நனைந்தது. எண் மட்டும் நூற்றைத் தொடவில்லை.

"பச்சை வந்துச்சா?"

"இல்லைங்க."

"மனசு வெச்சு நடந்தாத்தானே வரும்."

மூன்றாவது வாரம், தான் தினமும் சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரையின் அட்டைப்பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்தாள். 'நாடித் துடிப்பைக் குறைக்கும்' என்றிருந்தது. பச்சை வட்டத்தைத் தடுத்த திருடன் அகப்பட்டுவிட்டான் என்று தாளை மடித்து வைத்தாள். 'திடீரென்று நிறுத்துவது ஆபத்து' என்ற அடுத்த வரியை அவள் பார்க்கவில்லை.

யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினாள். மூன்றாம் நாள் நூற்றெட்டு. பச்சை வட்டம் மலர்ந்தது.

"பாத்தியா! முடியாது முடியாதுன்னியே" என்று அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்தத் தட்டலுக்காக அவள் இன்னும் வேகமாக நடந்தாள். ஐந்தாம் நாள் எண் நூற்று முப்பத்தொன்றுக்கு ஏறி, வட்டம் சிவந்தது. படுத்தாலும் நெஞ்சுக்குள் யாரோ படியேறி ஓடுவதுபோல் இருந்தது. ஆறாம் நாள் தாடை வலித்தது. இடது கை கனத்தது. மெஷின் வேலை அசதி என்று நினைத்துக்கொண்டாள்.

ஏழாம் நாள் பின்னறையில் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. எட்டிப் பார்த்த கணவர், "அடேங்கப்பா, உக்காந்த இடத்துலயே கொழுப்பு உருகுதே!" என்றார்.

அவள் கையிலிருந்த லென்ஸ் நழுவி விழுந்தது. சுவரைப் பிடித்தபடியே தரையில் சரிந்தாள்.

மருத்துவமனையில், அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்த டாக்டரம்மாவின் முதல் கேள்வி அவரைக் குழப்பியது.

"மாத்திரைய நிறுத்துனது உங்களுக்குத் தெரியுமா?"

"நிறுத்தலையே டாக்டர்."

"நிறுத்தியிருக்காங்க. அவங்களே சொன்னாங்க, கடிகாரத்துல அந்த எண் வரணும்னுதான் நிறுத்துனேன்னு. அது வெறும் வயச வெச்சுப் போட்ட கணக்கு. இந்த மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு அது பொருந்தாது. பேசிக்கிட்டே நடக்க முடியுற வேகம் இவங்களுக்குப் போதும். கொழுப்பு எல்லா வேகத்துலயும்தான் கரையும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். திடீர்னு நிறுத்துனதுல மாரடைப்பு வந்து, இப்ப இதயத்துல ஒரு பகுதி செத்துப்போச்சு."

அவர் கட்டிலருகே வந்து நின்றார்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, உடம்பு வணங்காம சாக்கு சொல்றேன்னு சிரிப்பீங்க."

அவருக்குக் கண் கலங்கியது. "விளையாட்டாத்தானே பேசினேன்... என் வாயே உனக்கு எமனாயிடுச்சே."

அவள் கண்களை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"கொழுப்ப எப்ப வேணா கரைச்சுக்கலாம்ங்க. செத்த சதை திரும்பி வராது. டாக்டரைக் கேக்காம மாத்திரைய நிறுத்துனது என் தப்பு. ஆனா அத யார்கிட்டயும் கேக்கவே வெக்கப்படுற மாதிரி, என் உடம்பப் பேசிப் பேசி வெச்சது உங்க தப்பு."