அவள் பெயரில் எழுதிய மாத்திரை

மூன்றாம் நாள் மாத்திரையை எடுக்கலாம் என்று அட்டையைத் திருப்பினால், ஐந்து குழியும் காலி. முந்தாநாள் ஒன்று, நேற்று ஒன்று போட்டிருந்தாள். மீதி மூன்று இருக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள், இழுப்பறையைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தாள். மாத்திரைக்குக் கால் முளைத்து நடந்தா போகும்?

குழந்தைக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை அது. மாதவிலக்கின் இரண்டாம் நாள் ஆரம்பித்து ஐந்து நாள், நாளுக்கு ஒன்று. நாள் தவறினால் அந்த மாதம் வீண் என்று தலையில் குட்டாத குறையாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இது மூன்றாவது மாதம். சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினாள்.

கடைக்காரர் சீட்டின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மருந்து கொடுத்த ஒவ்வொரு முறையும் அங்கே தேதி முத்திரை குத்துவது அவர் வழக்கம். அவள் வாங்கியது மூன்று முறை. முத்திரை ஐந்து இருந்தது.

"போன வாரம் ரெண்டு தடவை உங்க வீட்டுக்காரர் வந்து வாங்கிட்டுப் போனாரேம்மா. டாக்டர் அளவைக் கூட்டிட்டாங்கன்னு சொன்னார். நேத்து மறுபடியும் வந்தார். இதுக்கு மேல தர முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டேன். புதுச் சீட்டு இல்லாம இப்போ உங்களுக்கும் தர முடியாதும்மா."

"அவருக்கு எதுக்குங்க இந்த மாத்திரை?"

கடைக்காரர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். "உங்களுக்குத் தெரியாதா? ஊசி போட்டு உடம்பை ஏத்துற பசங்க எல்லாம் இதைத்தான் தேடி அலையுறாங்க. ஆம்பளை ஹார்மோனை வெளியிலேர்ந்து ஏத்திக்கிட்டா, உடம்பு தன் பங்குக்குச் சுரக்கிறதை நிறுத்திடும். திரும்ப அதைத் தட்டி எழுப்பறதுக்கு இது. சீட்டு இல்லாம நான் தர்றதில்லை. அவர்கிட்ட சீட்டு இருந்தது."

இருந்ததுதான். அவள் பெயர் போட்ட சீட்டு!

கடையை விட்டு வெளியே வந்து படியிலேயே நின்று நினைத்துப் பார்த்தாள். ஒரு வருடம். மாதம் தவறாமல் ஸ்கேன். கை மரத்துப் போகும் அளவுக்கு ரத்தம் எடுத்தார்கள். கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்தைச் செலுத்திப் படம் பிடித்த அன்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாகப் பேருந்தில் வந்தாள். கணவனுக்கு அன்று தொடைப் பயிற்சியாம், விட முடியாதாம். "நீங்களும் ஒரு தடவை பரிசோதனை பண்ணிக்கோங்களேன்" என்று கேட்டதற்கு, சட்டையைக் கழற்றிக் கண்ணாடி முன்னால் நின்று, "இந்த உடம்பைப் பார்த்துமா கேட்கிறே?" என்று சிரித்தான். ஊசியைப் பற்றிக் கேட்டால் சத்து ஊசி என்பான். அவளும் நம்பினாள். நம்பியதை நினைக்க இப்போது தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பயிற்சியாளர். அன்று காலை வகுப்பு, ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவருக்கு. வழக்கமான மைதானத்துக்குப் போகாமல், "நேரா போங்க சார், இடது பக்கம் திருப்புங்க, இங்கேயே நிறுத்துங்க" என்று உடற்பயிற்சிக் கூடத்து வாசலில் இறங்கிக்கொண்டாள். பாவம், அந்த மனிதர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

உள்ளே வியர்வையும் ரப்பர் விரிப்புமாக ஒரு நெடி. சுவரில் வெள்ளைப் பலகை. அதில் ஏழு பேருடைய பெயர், ஒவ்வொருவரும் போட்ட ஊசியின் பெயர், மாத்திரை ஆரம்பிக்கும் நாள். ஊசி ஆளுக்கு ஆள் வேறு. மாத்திரை நாள் மட்டும் ஏழு பேருக்கும் ஒன்றே. ஆணழகன் போட்டி ஞாயிற்றுக்கிழமை முடிந்தது, எல்லோருக்கும் திங்கட்கிழமை. அவள் கணவன், அந்தக் கூடத்தில் எல்லோரும் செல்லமாகப் பயில்வான் என்று கூப்பிடும் அந்த மகாராஜன், கம்பியைக் கீழே வைத்துவிட்டுத் திருதிருவென்று விழித்தான்.

"என் மாத்திரையை எடுத்தீங்களா?"

"அது வந்து... மாஸ்டர்தான் நிறைய போடணும்னு..."

உடற்பயிற்சி சொல்லித்தரும் மாஸ்டர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி குறுக்கே வந்தார். "தங்கச்சி, கோபப்படாதீங்க. போட்டி முடிஞ்ச மறுநாளே ஆரம்பிச்சுடணும். பதினஞ்சு வருஷ அனுபவம் எனக்கு. எல்லாருக்கும் ஒரே நாள்னா குழப்பமே இல்ல பாருங்க."

"உங்ககிட்ட வர்றவங்க ரத்தத்தை என்னைக்காவது பரிசோதனை பண்ணிப் பார்த்திருக்கீங்களா மாஸ்டர்?"

"ரத்தம் எதுக்கு? ஆளைப் பார்த்தாலே தெரியாதா?"

அடப்பாவி! ஆளைப் பார்த்துத்தான் ஊரே அவளை மலடி என்று முடிவு கட்டியிருந்தது. "நாளைக்கு என்கூட டாக்டர்கிட்ட வர்றீங்க. வரலைன்னா நாளைக்கும் இங்கேயே வந்து நிப்பேன், இதைவிட சத்தமா" என்று கணவனிடம் சொன்னாள். ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் அவசரமாகத் தலையாட்டினான்.

பரிசோதனை முடிவு வர நான்கு நாள் ஆனது. முடிவைக் கேட்கப் போன அன்று மாமியாரும் கூடவே கிளம்பினாள். மருத்துவர் முடிவு சொல்லும் ஒரு நாளையும் அந்த அம்மாள் விட்டதில்லை. மருமகளுக்கு என்ன குறை என்று மருத்துவர் வாயாலேயே கேட்டு, அதை மகளுக்கும் ஒன்றுவிட்ட உறவுகளுக்கும் அன்றே சொல்லியாக வேண்டும்.

அன்று கணவனையும் மனைவியையும் மட்டும் உள்ளே கூப்பிட்டதால் மாமியார் வராந்தாவிலேயே உட்கார வேண்டியதாயிற்று. மருத்துவர் நல்ல பெண்மணி. சுற்றி வளைக்கவில்லை. "விந்தணு ஒண்ணுகூட இல்லை. எத்தனை வருஷமா ஊசி போடறீங்க?"

"மூணு வருஷமா, விட்டு விட்டு" என்றான். மூன்று வருடம் என்பது அவளுக்குத் தெரியாது. கல்யாணமாகியே இரண்டரை வருடம்தான்.

"நீங்க போட்டது எண்ணெய் ஊசி. கடைசி ஊசிக்கு அப்புறமும் வாரக்கணக்கா உடம்புக்குள்ள கசிஞ்சுகிட்டே இருக்கும். அது வடியறதுக்கு முன்னாடி இந்த மாத்திரையைப் பிடி பிடியா முழுங்கினாலும் ஒண்ணும் நடக்காது. எப்போ ஆரம்பிக்கணும், ஆரம்பிக்கணுமா வேண்டாமாங்கிறதையே ரத்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சுவத்துல எழுதி வைக்கிற விஷயமா இது?"

"பிரேக்கை மிதிச்சுக்கிட்டே ஆக்சிலேட்டரை அழுத்தியிருக்கார்" என்றாள் அவள்.

"அதேதான்" என்றார் மருத்துவர். "உங்க மாத்திரை அவருக்கும் உதவலை, உங்களுக்கும் இல்லாமப் போச்சு. இனிமே ஊசியே கூடாது. திரும்ப உற்பத்தி ஆரம்பிக்க ஆறு மாசமும் ஆகலாம், ஒரு வருஷத்துக்கு மேலயும் ஆகலாம். சிலருக்கு முழுசா வராமலும் போகலாம். உங்க மனைவிகிட்ட இதுவரைக்கும் எந்தக் குறையும் நான் பார்க்கலை."

அவன் விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். குழந்தையைத்தான் நினைக்கிறான் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு மனசு இளகியது.

"அப்போ டாக்டர், ஊசியை விட்டா அடுத்த போட்டிக்கு உடம்பு நிக்குமா?"

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். அவளுக்கு அழுகை வரவில்லை. இந்த மனிதனுக்காகவா மாதாமாதம் அந்தக் கட்டிலில் கால் விரித்துப் படுத்தோம் என்று வெட்கமாக இருந்தது. எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

வராந்தாவில் மாமியார் எழுந்து நின்றாள். மருமகள் ஒன்றையும் விடாமல் சொன்னாள். ஊசி, மூன்று வருடம், ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றையும். பின்னாலேயே வந்த மகனின் முகத்தைப் பார்த்து மாமியாருக்கு உண்மை என்று புரிந்துவிட்டது. மெல்ல மருமகளின் கையைப் பிடித்தாள்.

"இது நமக்குள்ளேயே இருக்கட்டும்மா. ஆம்பளைப் பையன். நாலு பேர் முன்னாடி மேடை ஏறுறவன். வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்."

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமியாரின் கைப்பேசி அடித்தது. பெரிய மகள், பயில்வானின் அக்கா. மருத்துவமனைக்குப் போகும் நாளெல்லாம் தவறாமல் அழைத்து என்ன ஆச்சு என்று கேட்கிறவள். மாமியார் இரண்டடி தள்ளிப் போய்க் குரலைத் தாழ்த்தினாள். ஆனால் வராந்தா சிறியது.

"என்னத்தைச் சொல்ல. அதே பழைய கதைதான். இவளுக்குத்தான் இன்னும் சரியாகலையாம்."

அவள் போய்க் கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். பிடுங்கினாள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

"அண்ணி, நான்தான் பேசறேன். எனக்கு ஒரு குறையும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. உங்க தம்பி மூணு வருஷமா ஊசி போட்டு இருந்ததைத் தொலைச்சிருக்கார். எனக்கு எழுதின மாத்திரையையும் திருடித் தின்னிருக்கார். ஒரு வருஷமா என்னைப் பத்தி எத்தனை பேர்கிட்டச் சொன்னீங்களோ, அத்தனை பேர்கிட்டயும் இதையும் சொல்லிடுங்க. என் பேச்சை நம்ப வேண்டாம். இதோ, அவர்கிட்டயே கேளுங்க."

கைப்பேசியைக் கணவனிடம் நீட்டினாள். அவன் வாங்காமல் தாயைப் பார்த்தான். தாய் தரையைப் பார்த்தாள். நாற்காலிகளில் காத்திருந்த பெண்கள் எல்லோரும் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார்கள். அவள் நீட்டிய கையை இறக்கவே இல்லை.

வேறு வழியில்லாமல் வாங்கிக் காதில் வைத்தான். அந்தப் பக்கம் அக்கா எதையோ திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா" என்றான்.