பத்தொன்பது நிமிட ஈடு

மலேசியாவில், கோலா கெத்திலுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கையுறைத் தொழிற்சாலையில், நான்காவது லைனின் கேமரா ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையிலிருந்து இனி வரப்போவதைப் பத்தொன்பது நிமிடம் முன்னதாகவே பார்க்கத் தொடங்கியது. பூஜையன்று எல்லா மிஷினுக்கும் சந்தனம் பூசிக்கொண்டே வந்த உமாராணி, இதற்கு மட்டும் கண்ணாடியிலேயே குங்குமம் வைத்துவிட்டாள். துடைத்த பிறகும் அது அப்படியேதான் பார்த்தது.

“சாமி கும்பிட்டீங்க, சரி. கண்ணுக்குள்ளயே பொட்டு வச்சா எப்படிலா?” என்றார் என்ஜினியர் கிருபாநந்தன்.

“நெத்தி எங்க இருக்குன்னு தெரியல சார். நீங்களே காட்டுங்க,” என்றாள் உமாராணி.

அவள் கணவன் பரஞ்சோதிதான் அந்த லைனுக்கு நேரம் வைப்பவன். சங்கிலியில் வரிசையாகப் பீங்கான் கைகள் வரும். நீல ரப்பர்க் குழம்பில் முங்கி, சூளையில் காய்ந்து, ஒவ்வொரு கையும் ஓர் உறையை மாட்டிக்கொண்டு வரும். கேமரா ஒரு கையைப் பார்த்த இரண்டு விநாடியில் அது கவ்விக்கு அடியில் வந்து சேரும். கவ்வி இறங்கி உறையை உருவிக்கொள்ளும். இடையில் உள்ள அந்த இரண்டு விநாடியை மிஷினுக்குச் சொல்லிக்கொடுப்பது அவன் வேலை. சங்கிலி தளர்ந்தால் கொஞ்சம் கூட்டுவான், வேகம் கூடினால் குறைப்பான். இப்போது இரண்டு விநாடியோடு பத்தொன்பது நிமிடத்தையும் கூட்டி வைத்தான். கவ்வி சரியாக இறங்கியது. கிருபாநந்தன் கையெழுத்துப் போட்டார். அந்த மாதம் மற்ற லைன்களைவிட நான்காவது லைனில் கிழிசல் குறைவு.

ஓய்வு நேரத்தில் மற்றவர்கள் தேத்தாரே குடிக்கப் போக, பரஞ்சோதி திரைக்கு முன்னால் நிற்பான். இன்னும் வராத கைகள் அதில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். பேச்சு குறைந்த மனிதன், அதன் பிறகு இன்னும் குறைத்துக்கொண்டான். டிசம்பரில் ஒரு நாள் கட்டைவிரல் உடைந்த பீங்கான் கை ஒன்று திரையில் தெரிந்தது. அந்தக் கையைக் கழற்றிப் புதிதை மாட்டி, லைனையே நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். பத்தொன்பதாவது நிமிடத்தில், யாரும் தொடாமல், புதுக் கையின் கட்டைவிரல் டக்கென்று ஒடிந்து விழுந்தது. இன்னும் இரண்டு முறை சோதித்தான். திரை காட்டியது வந்தே தீர்ந்தது. லைன் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும், அது எப்படி வருகிறது என்பதில் மயிரிழை இடம் இருந்தது.

தைப்பூசம் கழிந்த புதன்கிழமை, காலை பத்து இருபத்தொன்றுக்கு, இரண்டு பீங்கான் கைகளுக்கு நடுவே ஒரு மாநிறக் கை திரையில் வந்தது. சுண்டுவிரல் வெளிப்பக்கம் கோணியிருந்தது. எஸ்டேட்டில் சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து உமாராணிக்குக் கோணிய விரல் அது. கவ்வியின் இழுப்பு மணிக்கட்டையே பிடுங்கிவிடும்.

அவள் கவ்விக்குப் பக்கத்தில் நின்று, ஒட்டிக்கொண்ட கிழிசல்களை ஓடும் சங்கிலியிலேயே கைவிட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே எல்லாப் பெண்களும் அப்படித்தான் எடுப்பார்கள். நிறுத்தினால் எண்ணிக்கை குறையும்.

“இன்னிக்கு ஒரு நாள் அந்தக் கையைப் பாக்கெட்டுல வச்சுக்கோ,” என்றான்.

“சோறு நீங்க ஊட்டிவிடுவீங்களா?” என்று சிரித்தவள், அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். திரையில் பார்த்ததைச் சொன்னான்.

“நிறுத்திட்டா?”

“அப்பவும் வரும்.”

“நான் வீட்டுக்குப் போயிட்டா?”

அவன் இல்லையென்று தலையாட்டினான். அவனைப் பதினாறு வருடமாகப் படித்து வருபவள் அவள்.

“எத்தனை நிமிஷம் இருக்கு?”

“பதினாலு.”

“அப்ப நான் இங்கயே நிக்கிறேன். நீங்க போய் உங்க வேலையைப் பாருங்க,” என்று கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டாள்.

அவன் திரைக்குத் திரும்பினான். நேரத்தைக் கூட்டினால் கவ்வி அடுத்த கைக்குப் போகும். ஆனால் திரையில் அவள் கைக்கு மேலே கவ்வியின் நிழல் விழுந்திருந்தது. அது இறங்கியே ஆகவேண்டும். பிறகு அந்த ஒரு கைக்கு மட்டும், அதுவரை யாரும் போடாத ஒன்றைப் போட்டான்: மொத்த நேரத்துக்கும் முன்னால் ஒரு கழித்தல் குறி.

பத்து நாற்பதுக்கு உமாராணியின் கை, யாரோ கூப்பிட்டதைப் போல, தானாகவே பாக்கெட்டிலிருந்து எழுந்து இரண்டு பீங்கான் கைகளுக்கு நடுவே போய் நின்றது. அவள் கண்ணை மூடவில்லை. கவ்வி இறங்கியது. இத்தனை வருடம் உருவியே பழகிய அது, தன் வேலையைப் பின்னாலிருந்து முன்னாக ஒரு முறை செய்தது. ஒரு நீல உறையை, வளையல்காரர் வளையல் ஏற்றுவதுபோல் விரல் விரலாக ஏற்றி, கோணிய சுண்டுவிரலில் மட்டும் சற்று நிதானித்து, மணிக்கட்டு வரை நீவிவிட்டு மேலே போனது. கை வெளியே வந்தது. ஐந்தாவது, ஆறாவது லைன்களிலிருந்த பெண்களும் வந்து நின்றார்கள். கிருபாநந்தன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அந்த உறை கழலவில்லை. கிளினிக்கில் கத்தரி வைத்துப் பார்த்த டாக்டர், உறையிலேயே நாடி துடிக்கிறது என்று சொல்லி நிறுத்திவிட்டார். ஒரு மாதத்தில் அதில் நகம் முளைத்தது. மூன்றாம் மாதம் உள்ளங்கையில் ரேகைகள் விழுந்தன. அந்தக் கையால் உமாராணி சமைத்தாள், கோலம் போட்டாள், மார்க்கெட்டில் மீனை அழுத்திப் பார்த்து வாங்கினாள். மீன்காரர் முதல் வாரம் மட்டும் பார்த்தார்.

அடுத்த வருடம் அடையாள அட்டை புதுப்பிக்க இருவரும் சுங்கை பட்டாணிக்குப் போனார்கள். முகப்பில் இருந்த மலாய்க்காரப் பெண், விரலை வைக்கச் சொன்னாள். உமாராணி நீலக் கட்டைவிரலைக் கண்ணாடியில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

“ஓகே, காக்,” என்று மலாயில் அக்கா முறை வைத்துச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.