அப்பாவின் குடலுக்குள் ஐயாயிரம் கோடிப் பேர்

அப்பாவுக்குச் சில வாரங்களாக மலத்தில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. பின்பக்கமாகக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அப்பா மிகுந்த மரியாதையோடு தலையாட்டிவிட்டு வெளியே வந்து, நேராக மருந்துக்கடைக்குள் நுழைந்தார்.

காரணம் அத்தை. முதல் நாளே போனில் சொல்லிவிட்டாள்: "குடல்ல நல்ல கிருமி கொறஞ்சு போச்சுண்ணா, வேற ஒண்ணும் இல்ல. அதையே மாத்திரையா விக்கிறாங்க. போட்டா எல்லாம் சரியாயிடும்." அத்தை தையல் வகுப்பு நடத்துகிறவள். குடலைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அது நீளமானது என்பதுதான்.

அம்மா என்னைக் கூடவே அனுப்பியிருந்தாள். எப்படியாவது அந்தக் குழாய்க்குச் சம்மதிக்க வைத்து அழைத்து வர வேண்டும் என்பது உத்தரவு. கல்லூரி விவாதப் போட்டிகளில் எதிரணியைத் திணறடிக்கிறவன் என்ற நம்பிக்கை அவளுக்கு. அப்பா எந்த அணியிலும் உட்காரமாட்டார், எழுந்து போய்விடுவார் என்பதை அவள் மறந்துவிட்டாள்.

கடையில் ஓர் அலமாரி முழுக்க நல்ல கிருமிகள். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு டப்பாவாகப் படித்தார். ஒன்றில் ஆயிரம் கோடிக் கிருமிகள், இன்னொன்றில் ஐயாயிரம் கோடி. அவர் லிஃப்ட் மெக்கானிக். எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது என்று ஊரெல்லாம் ஒட்டி வைத்த மனிதர், ஐயாயிரம் கோடிப் பேரைத் தன் வயிற்றில் ஏற்றத் தயாராக நின்றார்.

"எதுக்கு சார் வேணும்?" என்றார் கடைக்காரர்.

"பெருங்குடல் ஆரோக்கியத்துக்கு." டப்பாவில் இருந்ததை அப்படியே வாசித்தார்.

"மலச்சிக்கலா, வயித்துப்போக்கா?"

"பொதுவா."

பொதுவாக ரத்தம் போகிற மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். "ரத்தம் போகுதுண்ணே, டாக்டர் குழாய் விடச் சொல்லிட்டாரு" என்றேன்.

கடைக்காரர் டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அப்ப முதல்ல அதைப் பண்ணுங்க சார். மயக்க மருந்து குடுத்துடுவாங்க, ஒண்ணுமே தெரியாது."

"ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டு அப்பா வெளியேறினார். எதிர்வரிசையில் இன்னொரு கடை இருந்தது. மருந்துக்கடைக்கா பஞ்சம்?

நடுவழியில் மடக்கினேன். "அப்பா, லிஃப்ட்ல சத்தம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"பிரிச்சுப் பாப்பேன்."

"எண்ணெய் விட்டா போதாதா?"

"முட்டாப்பய வேலைடா அது. உள்ள என்ன தேஞ்சிருக்குன்னு பாக்காம..." பாதியில் நிறுத்தினார். மாட்டிக்கொண்டது அவருக்கும் புரிந்துவிட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"லிஃப்டுக்கு வெக்கம் கெடையாதுடா."

அந்தச் சுற்று எதிரணிக்கு.

நாலடி நடந்ததும், என்னைப் பார்க்காமல், "உள்ள ஏதாவது இருந்துட்டா?" என்றார்.

"இருந்தா எடுத்துடலாம்பா."

அதை நான் சொன்ன விதத்தில் எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவர் நடையை எட்டிப் போட்டார்.

இரண்டாவது கடையில் இருந்த பெண் எதையும் கேட்கவில்லை. கேட்ட டப்பாக்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்தாள். அப்பா என் பக்கம் திரும்பினார். "நீதான் படிச்சவனாச்சே. நல்லதா ஒண்ணு சொல்லு."

எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எதில் என்ன கிருமி என்று பார்க்கவில்லை. எதில் மாத்திரை குறைவு, எது சீக்கிரம் தீரும் என்று பார்த்தேன். பத்தே மாத்திரை உள்ள ஒரு குட்டி டப்பா கிடைத்தது.

"இதுதான்பா இருக்கிறதிலேயே நல்லது. ஆனா இது தீந்ததும் குழாய். சரியா?"

அப்பா டப்பாவை வாங்கிக் காதருகே குலுக்கிப் பார்த்தார். வெகுநேரம் குலுக்கினார். "சரிடா" என்றார்.



"சார், அதுல ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ" என்றாள் அந்தப் பெண்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. ரத்தம் போக ஆரம்பித்ததிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"அப்ப அஞ்சு வாங்கினா?"

"பத்து சார்."

"போடும்மா" என்றார்.

பையை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.