பெட்டிக்குள் டிரைவர்

முப்பது வருஷம் டாக்ஸி ஓட்டிய மனிதரை ஒரு சைக்கிளின் பெட்டியில் உட்கார வைப்பது லேசுப்பட்ட காரியமா? தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர். மனைவிக்கு மட்டும் 'என்னங்க'. அந்த டிரைவர் இப்போது நெஞ்சுக்குக் குறுக்கே பெல்ட் போட்டு, மடியில் கைத்தடியைக் கிடத்தி, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பெட்டி வண்டியில் போய்க்கொண்டிருந்தார். பின்னால் சீட்டில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தவள் அவர் மனைவி. வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பது அவள் தொழில்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. முன்சக்கரங்களுக்கு நடுவே ஒரு பலகைப் பெட்டி, அதற்குள் சின்னதாக ஒரு பெஞ்சு. சீட்டுக்கு அடியில் பேட்டரி. மிதித்தால் மோட்டாரும் கூடச் சேர்ந்து மிதிக்கும். நாம் சும்மா இருந்தால் அதுவும் சும்மா இருக்கும். அந்த வகையில் நியாயமான வண்டிதான். திரைச்சீலை மூட்டை, கம்பிக் கட்டு, அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர் எல்லாம் அதில்தான் போய் வந்தன. டிரைவருக்கு எரிச்சலே அதுதான். நேற்று சிலிண்டர் உட்கார்ந்து வந்த இடத்தில் இன்று அவர்.

"ஏய், பிரேக்! பிரேக்கப் பிடி!"

"பிடிச்சிட்டேங்க."

"பிடிச்சா வண்டி நிக்கணும்ல?"

"நின்னுட்டுதான் இருக்கு. கண்ணத் தொறந்து பாருங்க."

டிரைவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். சிக்னலில் வண்டி கோட்டுக்கு இந்தப் பக்கம் பதவிசாக நின்றிருந்தது.

"உனக்கென்ன, நீ பின்னால சொகுசா உக்காந்திருக்க. எதுலயாவது மோதினா மொத அடி எனக்குத்தான்" என்று முணுமுணுத்தார். பேச்சு இன்னும் கொஞ்சம் குழறும். ஆனால் திட்டுவதற்கு அந்தக் குழறல் ஒரு நாளும் தடையாக இருந்ததில்லை.

நாலு மாதத்துக்கு முன்பு ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து பிரஷ் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. வலது கை, வலது கால், வாயின் ஒரு ஓரம் மூன்றையும் வாதம் இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "கார் ஓட்டறத மறந்துடச் சொல்லுங்கம்மா. இனிமே முடியாது. ஆனா மொத ஆறு மாசம் விடாம பயிற்சி பண்ணா, தன் கையால சாப்பிடலாம், தானே சட்ட போட்டுக்கலாம், பாத்ரூமுக்கு யாரையும் கூப்பிட வேண்டாம். அத விட்டுட்டா கை அப்படியே நின்னுடும்."

இரண்டையும் அவரிடம் சொல்லிவிடுவது என்றுதான் அவள் உள்ளே போனாள். கோணிய வாயால் அவர் கேட்ட முதல் கேள்வி, "வண்டி எங்க நிக்குது?" என்பது. டாக்ஸியைத்தான் கேட்டார். உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை, மகளைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் போர்வையை இழுத்துவிட்டாள். "மெக்கானிக் ஷெட்ல விட்டிருக்கு. நீங்க எந்திரிச்சு வந்ததும் எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். வாயில் வந்தது அவ்வளவுதான்.

அப்படி ஆரம்பித்த பொய்யை அப்புறம் நிறுத்த முடியவில்லை. அவளுக்குக் கார் ஓட்ட வராது. இரண்டு தடவை லைசென்சுக்குப் போய் இரண்டு தடவையும் பின்பக்கமாக எடுக்கச் சொன்னபோது வேர்த்துக் கொட்டித் திரும்பி வந்தவள். கார் நின்ற இடத்திலேயே தூசி படிந்துகொண்டிருந்தது. தைத்த திரைச்சீலைகளைக் கொண்டுபோய்க் கொடுக்க வழியில்லை. அதனால் தன் பேரில் இருந்த காரைக் கடைத்தெரு மருந்துக்கடைக்காரருக்கு விற்றுவிட்டு, அதில் இந்த வண்டியை வாங்கினாள். "தம்பி, எங்க தெரு பக்கம் மட்டும் இத எடுத்துட்டு வராதீங்க" என்று அவரிடம் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தாள்.

மகள் வெளியூரிலிருந்து போன் போடும்போதெல்லாம் அதே பாட்டுதான். "அம்மா, அப்பாகிட்ட சொல்லிடும்மா. வேற யாராவது சொல்லி தெரிஞ்சா தாங்கமாட்டாரு."

"ஆறு மாசம் முடியட்டும்டி."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பயிற்சி நிலையத்தில் சுவரோடு பொருத்திய ஒரு சக்கரம் உண்டு. கைப்பிடியைப் பிடித்துச் சுற்றச் சுற்றத் தோள் பலப்படும். மற்றவர்கள் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு மணியைப் பார்ப்பார்கள். டிரைவர் மட்டும் வலது கையைத் துணியால் கைப்பிடியோடு கட்டச் சொல்லி, பல்லைக் கடித்துக்கொண்டு, சட்டை நனைய நனையச் சுற்றுவார். "ஸ்டியரிங் கைக்கு வந்துட்டா போதும், மத்தது தானா வரும்" என்பார். "இவர மாதிரி யாரும் பாடுபட்டு நான் பாத்ததில்ல" என்று பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னபோது, அவள் பெருமைப்படுவதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். கார் இல்லை என்று தெரிந்தால் இந்த மனிதர் விரலைக்கூட அசைக்கமாட்டார். மனசு விட்டுப்போய் ஒரு மூலையில் சுருண்டுவிடுவார். அதுதான் அவளை ராத்தூக்கம் இல்லாமல் அடித்த பயம்.

ஆகவே பயிற்சிக்குக் கடைத்தெரு வழியாகப் போவதே இல்லை. பூங்காவைச் சுற்றிக்கொண்டு போவாள். முப்பது வருஷம் ஊரை அளந்தவரிடம் இது எடுபடுமா?

"கடைத்தெரு வழியா போனா பாதி தூரம். எதுக்கு இப்படி ஊர் சுத்துற?"

"அங்க மேடுங்க. பேட்டரி தாங்காது."

"மேடா? போறப்ப அது எறக்கம்!"

"பேட்டரிக்கு எறக்கமும் ஆகாதாம்."

டிரைவருக்கு பேட்டரி விஷயம் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டார். வாயை மூடிக்கொண்டார். அவள் பிழைத்தாள்.

அன்றைக்குப் பிழைக்க வழி இல்லை. பூங்காச் சாலையைக் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். குறுக்கே தடுப்பு. அங்கே நின்ற ஆள் கையை வீசி, "கடைத்தெரு வழியா போங்கம்மா" என்றான். அவள் வண்டியை நிறுத்தினாள்.

"இன்னைக்கு ஒரு நாள் வீட்டுக்குப் போயிடலாமாங்க?"

"பைத்தியமா உனக்கு? ஒரு நாள் விட்டா ஒரு வாரம் பின்னால போயிடும்னு அந்தப் பொண்ணு சொல்லல? திருப்பு."

அவளே தினமும் அவருக்கு ஓதியதை அவர் திருப்பிச் சொன்னார். மருந்துக்கடை வாசலில் கார் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே கடைத்தெரு இறக்கத்தில் வண்டியை விட்டாள்.

கார் இருந்தது. மருந்துக்கடைக்காரர் பின்கதவைத் திறந்து அட்டைப்பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். பெட்டி வண்டியில் உட்கார்ந்தவருக்கு நம்பர் பிளேட் கண்ணுக்கு நேராக வந்தது. அவள் காலுக்கு வேகம் கொடுத்து, காரைத் தாண்டிக் கொண்டுபோய்விடப் பார்த்தாள்.

"நிறுத்து."

அவள் காதில் விழாதவள் போல மிதித்தாள்.

"நிறுத்துன்னு சொல்றேன்ல!" டிரைவர் இடது கையால் பலகையை ஓங்கி ஓங்கி அறைந்தார். கடைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். காருக்குக் கொஞ்சம் முன்னால், இறக்கத்திலேயே, அவள் வண்டியை நிறுத்தினாள்.

மருந்துக்கடைக்காரர் ஓடி வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் பதற்றத்தில் நாக்கு அவர் சொல்படி கேட்கவில்லை. "அண்ணே, நல்லாருக்கீங்களா? அக்கா, சத்தியமா நான் உங்க தெரு பக்கம் ஒரு தடவ கூட எடுத்துட்டு வரலக்கா, நீங்க சொன்ன மாதிரியே..."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன உளறினோம் என்று அவருக்கு உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

டிரைவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். பெல்ட்டைக் கழற்றி, தடியை ஊன்றி இறங்கி, காலை இழுத்துக்கொண்டு காரிடம் போனார். கதவில் கையை வைத்தார்.

"சாவி குடு தம்பி. ஒரு தடவ உக்காந்து பாக்கறேன்."

"குடுக்காதீங்க" என்றாள் அவள்.

"ஓட்டமாட்டேன். உக்காரத்தான்."

செய்த குற்றத்துக்கு ஏதாவது பரிகாரம் செய்ய வேண்டும்போல மருந்துக்கடைக்காரருக்கு இருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு, ஒரு பாதுகாப்புக்குத் தானும் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். டிரைவர் இடது கையை வளைத்துச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் சத்தம் கேட்டது. நாலு மாதமாக இறுகிக் கிடந்த அவர் முகம் தளர்வதைக் கண்ணாடி வழியாக அவள் பார்த்தாள். ஐயோ பாவம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அவரைத் திரும்ப ஏற்றிக்கொள்ளப் பெட்டி வண்டியைக் கார் பக்கமாகத் திருப்பி, அதன் கைப்பிடியைப் பிடித்தபடி, காருக்கு நேர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

அவர் கை பிரேக்கை எடுத்துவிட்டார்.

எதற்கு எடுத்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ஒரு அடியாவது நகர்த்திப் பார்க்க ஆசைப்பட்டிருப்பார். இறக்கத்தில் கார் தானாக உருண்டது. மெதுவாகத்தான் வந்தது. அவளுக்கு நகர நேரம் இருந்தும் கால் வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகத்தில் ஒரு கலவரமும் இல்லை. பிரேக்கை மிதித்துவிட்ட டிரைவரின் முகம் அது.

கார் வந்து பெட்டி வண்டியில் மோதியது. கைப்பிடி அவள் வயிற்றில் இடித்தது. பலகை விரிந்தது. வண்டியோடு அவளையும் தள்ளிக்கொண்டு கார் நகர்ந்தபோதுதான் மருந்துக்கடைக்காரர் அலறிக்கொண்டு கை பிரேக்கை இழுத்தார். எல்லாம் நின்றது.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்து கார் கதவைத் திறந்தாள். திட்டுவதற்குத்தான் திறந்தாள்.

"மிதிச்சேன்" என்றார் டிரைவர். "நல்லா அழுத்தி மிதிச்சேன்."

அவள் கீழே பார்த்தாள். அவரும் பார்த்தார். வலது கால் பிரேக்குக்குப் பக்கத்தில், காரின் தரைவிரிப்பு மேல், அதன்பாட்டுக்குக் கிடந்தது. கொஞ்சங்கூட எழும்பவே இல்லை. அவர் அதை வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கையால் பேண்டைப் பிடித்து அந்தக் காலைத் தூக்கி வெளியே வைத்து, இறங்கினார். சாவியை மருந்துக்கடைக்காரர் கையில் கொடுத்தார். யாரும் சொல்லாமலே வந்து பெட்டியில் ஏறி உட்கார்ந்தார்.

வண்டி ஓடியது. ஒரு பக்கத்துச் சக்கரம் மட்டும் எதிலோ உரசிக்கொண்டே வந்தது. அவர் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. பின்தலைதான் தெரிந்தது.

"உனக்கு அடி பட்டுச்சா?"

"இல்ல."

"டாக்டர் சொன்னாரா? என்னால இனிமே ஓட்ட முடியாதுன்னு."

"சொன்னாரு."

"எப்போ?"

"ஆஸ்பத்திரியிலயே."

"உனக்குத் தெரியும். மகளுக்குத் தெரியுமா?" அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள். "அவளுக்கும் தெரியும். மருந்துக்கடைக்காரனுக்குத் தெரியும். நான் ஒருத்தன்தான் தெனமும் அந்தச் சக்கரத்தக் கட்டிக்கிட்டு மாரடிச்சிருக்கேன். பாத்துச் சிரிச்சியா?"

"சிரிச்சேனா? நானா?" அவளுக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. "சொன்னா பயிற்சிக்கு வரமாட்டீங்கன்னு பயந்தேன். கை நின்னுடும்னு பயந்தேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க? ஒவ்வொரு நாளும் செத்துப் பொழச்சேன் நான்."

"இனிமே கை வந்து என்ன பண்ணப் போகுது?"

"சட்டைக்குப் பட்டன் போடும். சோறு எடுத்து வாயில வைக்கும்."

"அதுக்குத்தான் நீ இருக்கியே."

"நான் இருக்கேன். இப்ப அந்தக் கார் கொஞ்சம் வேகமா வந்திருந்தா இருந்திருப்பேனா?"

சொல்லியிருக்கக் கூடாது என்று அடுத்த நொடியே நினைத்தாள். சொல்லிவிட்டாள். அவர் தலை குனிந்தது.

நாற்சந்தி வந்தது. ஒரு பக்கம் திரும்பினால் வீடு, இன்னொரு பக்கம் பயிற்சி நிலையம். அவள் நடுவில் வண்டியை நிறுத்தினாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள்.

"இனி உங்கள ஏமாத்தமாட்டேங்க. நீங்களே சொல்லுங்க, வீட்டுக்கா, பயிற்சிக்கா? சொல்ற பக்கம் திருப்புறேன். சத்தியமா."

ஹாரன் சத்தம் காதைத் துளைத்தது. யாரோ கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போனார்கள். டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஓட்டுறவ நீ" என்றார். "என்னை எதுக்குக் கேக்குற?"

அது கோபமா, வெறுப்பா, சம்மதமா, அவளுக்குப் புரியவில்லை. பயிற்சி நிலையத்துப் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.

வாசல்வரை எந்தத் திருப்பத்திலும் அவர் பிரேக் என்று கத்தவில்லை. வண்டி நின்றதும் அவள் வழக்கம்போல் முன்னால் வந்து, இறங்குவதற்குக் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார். இடது கையால் அதை ஒதுக்கிவிட்டு, உள்ளேயிருந்து வந்த பயிற்சிப் பெண்ணிடம், "கொஞ்சம் பிடிம்மா" என்றார். அந்தப் பெண் அவரைத் தாங்கிக்கொண்டு கதவுக்குள் கூட்டிப்போனாள். அவர் உள்ளே போய்விட்டார், பயிற்சி விட்டுப்போகவில்லை, அதுவே போதும் என்று விரிந்த பலகையைப் பிடித்துக்கொண்டு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். போதவில்லை.