பாங்கின் மேல் போட்ட பழி

ஷரீஆ நீதிமன்றத்தில் மூன்றாம் எண் அறைக்கு வெளியே வரிசையாகப் போட்டிருந்த நீல நாற்காலிகளில் ஒன்றில் ரொஸ்மாவதி உட்கார்ந்திருந்தாள். கைப்பைக்குள் நீதிமன்றம் கொண்டுவரச் சொன்ன பென்டிரைவ். அதில் இருந்த பதிவு நாலு நிமிடம் இருபது விநாடி. இறந்துபோன ஷம்சுரியின் குரல், மார்க்க அறிஞர் உஸ்தாத் புர்ஹானுத்தீனின் பதில், நடுவில் அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மக்ரிப் பாங்கு. அதைக் கேட்டுவிட்டுத்தான் நீதிபதி சொல்லப்போகிறார்: மாராங் கடலில் ஷம்சுரி செத்த அன்று ஹலிஜா அவன் மனைவியா, இல்லை தலாக் ஆகிப்போன அன்னியப் பெண்ணா.

எதிர் நாற்காலியில் ஹலிஜாவே உட்கார்ந்திருந்தாள். முப்பத்திநாலு வயது, சாம்பல் நிற முக்காடு, மடியில் வாழையிலையில் கட்டிய நாசி டாகாங் சோற்றுப் பொட்டலம். ரொஸ்மாவதியைப் பார்த்ததும் அதைப் பிரித்து, அக்கா முறை வைத்துக் கூப்பிட்டு நீட்டினாள்.

"சாப்பிட்டீங்களா கக்? ரெண்டு பேருக்குப் போதும்."

பசியில்லை என்றாள் ரொஸ்மாவதி. பொய்தான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட அவள் பல்லில் படவில்லை. ஆனால் அந்தப் பொட்டலத்திலிருந்து ஒரு பருக்கை எடுத்து வாயில் போட்டாலும் தொண்டையில் இறங்காது என்று அவளுக்குத் தெரியும்.

ரேடியோ செரி முவாரா, மலேசியாவின் கிழக்குக் கரையில் கோல திரெங்கானுவில் ஒரு சின்ன நிலையம். பழைய காலணிக் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை. அதில் 'மக்ரிபுக்கு முன்' என்ற நிகழ்ச்சியைப் பதினோரு வருஷமாக நடத்துகிறவள் ரொஸ்மாவதி. மார்க்கச் சந்தேகம் இருப்பவர்கள் கூப்பிடுவார்கள், உஸ்தாத் பதில் சொல்வார். தொழுகை நேரங்களைக் கணினியில் ஏற்றி வைத்திருப்பார்கள். அந்த விநாடி வந்துவிட்டால் பேசிக்கொண்டிருப்பவர் மந்திரியே ஆனாலும் அவர் வாயை அடைத்துவிட்டுப் பாங்கு ஏறிவிடும். அதைப் பற்றி இந்த ஊரில் யாரும் மூச்சு விடமாட்டார்கள். பாங்குக்கு முன்னால் எவன் பேச்சும் பெரிதில்லை.

அதனால்தான் உஸ்தாத் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். கடைசி ஐந்து நிமிடத்தில் தலாக் கேள்வி எடுக்கக்கூடாது. தொழுமுன் கைகால் கழுவும் ஒளு, பயணத்தில் சுருக்கித் தொழும் கஸர், குழந்தைக்குப் பேர் வைப்பது, இப்படிச் சுருக்கமாக முடிகிறதை எடுக்கலாம். தலாக் அரைகுறையாகச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்பார்.

அன்றைக்கு மக்ரிபுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ஷம்சுரியின் அழைப்பு வந்தது. மீன்பிடிக்கிறவன், அழுதுகொண்டிருந்தான். அழுகிற பெண்கள் தினமும் வருவார்கள். அழுகிற ஆண்குரல் கிடைப்பது அபூர்வம். ரொஸ்மாவதிக்குக் கடிகாரம் கண்ணெதிரே இருந்தது. கட்டுப்பாடும் நினைவிருந்தது. இருந்தும் பொத்தானை அழுத்தினாள்.

அவன் சொன்னது இதுதான். சண்டையில் மனைவியிடம், உன் அண்ணன் வீட்டுக்கே போ, இனிமேல் நான் உனக்கு யாரோ என்று சொல்லிவிட்டான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு குவாந்தானில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். தலாக் ஆகிவிட்டதா?

"இந்த மாதிரி வார்த்தைக்குத் தலாக் விழும்," என்றார் உஸ்தாத். "ஆனா..."

பாங்கு ஏறிவிட்டது.

வானொலி கேட்டவர்களுக்கு அவ்வளவுதான் கேட்டது. ஒலிப்பதிவு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. பாங்கு முடிந்ததும் உஸ்தாத் தொடர்ந்து பேசினார், ஷம்சுரியும் தொலைபேசியை வைக்காமல் காத்திருந்து கேட்டான். மிச்சத்தை நாளைக்கு முதலில் போட்டுவிடு என்று சொல்லிவிட்டு உஸ்தாத் தொழப் போனார். சரி என்றாள்.

அதோடு நின்றிருந்தால் விதி என்று ஆற்றிக்கொள்ளலாம். அவள் நிற்கவில்லை. தொழுதுவிட்டு வந்து நிலையத்தின் இணையப் பக்கத்தில் போட ஒரு துண்டு வீடியோ தயார் செய்தாள். அழுகிற குரல், ஒலிப்பதிவு அறைக் கேமராவில் பதிந்த உஸ்தாத்தின் முகம், விழும் என்ற தீர்ப்பு, உடனே பாங்கு. அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. நடுவில் அந்த 'ஆனா' மட்டும் அந்தரத்தில் தொங்கிக் காதை உறுத்தியது. அதைச் சுத்தமாக வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் ஒட்டினாள். தலைப்பு வைத்தாள்: ஒரு வார்த்தை, ஒரு வாழ்க்கை. இரண்டு நாளில் ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். நிலைய மேலாளர் கேக் வாங்கி வந்து வெட்டினார். அவளும் ஒரு துண்டு தின்றாள்.

மிச்சத்தை மறுநாள் போடவில்லை. போட்டால், நேற்று ஏன் அப்படிப் போட்டாய் என்று பார்த்தவர்கள் அத்தனை பேரும் கேட்பார்கள். உஸ்தாத் ஒருமுறை கேட்டார், அப்புறம் ரமலான் வந்து அவரும் மறந்துபோனார்.

ஷம்சுரி மறக்கவில்லை. குவாந்தானுக்குப் போயிருக்கிறான். வாசலிலேயே மைத்துனன் கைப்பேசியை நீட்டி, ஊருக்கே தெரிஞ்சுபோச்சு, உனக்கு இங்க என்ன வேலை என்று துரத்தியிருக்கிறான். முழுப் பதிவைத் தரச்சொல்லி நிலையத்துக்கு மூன்று தரம் கூப்பிட்டான். தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிடு என வரவேற்பில் இருந்த பெண்ணிடம் ரொஸ்மாவதி சொன்னாள். நாலாவது தரம் அவன் கூப்பிடவில்லை. நீதிமன்றத்தில் மனு கொடுத்தான், ஜனவரியில் தேதி கிடைத்தது. டிசம்பர் காற்றில் மாராங் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. இரண்டாம் நாள் உடல் ஒதுங்கியது.

செய்தியை அவள்தான் வாசிக்க எழுதிக் கொடுத்தாள். பெயரைத் தட்டச்சு செய்யும்போதுதான் யார் என்று உறைத்தது. அன்றிலிருந்து குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்பார்களே, அதுதான். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்தால் அந்த 'ஆனா' காதில் கேட்கும்.

இப்போது ஷம்சுரியின் அண்ணன் தம்பிகள் ஹலிஜா அவன் மனைவியே இல்லை என்கிறார்கள். படகும் வீடும் அவர்கள் கவலை. ஹலிஜாவின் கவலை வேறு என்பது ரொஸ்மாவதிக்கு அப்போது தெரியாது.

பெயர் சொல்லி அழைத்தார்கள். உள்ளே போய் அல்லாஹ்வின் பெயரால் சத்தியம் செய்தாள். பென்டிரைவை வாங்கிப் போட்டார்கள். பாங்கு ஒலித்தபோது நீதிபதி உட்பட எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அது முடிந்து உஸ்தாத்தின் குரல் வந்தது.

"ஆனா, பிரியணும்ங்கற நினைப்போட சொல்லியிருந்தாத்தான் விழும். அந்த நினைப்பு இருந்துச்சா உனக்கு?"

"சத்தியமா இல்ல உஸ்தாத். கோவத்துல வாயில வந்துடுச்சு. அவ இல்லாம வீட்ல சோறு இறங்க மாட்டேங்குது. இப்பவே போய்க் கூட்டிட்டு வரட்டுமா?"

"போ. கூட்டிட்டு வா. அப்புறம் ரெண்டு பேருமா கோர்ட்டுக்குப் போய் உறுதி பண்ணிக்கங்க. ரேடியோ தீர்ப்பாகாது."

ஹலிஜா இந்தப் பேச்சை இப்போதுதான் முதல்முறை கேட்கிறாள். முக்காட்டு நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

நீதிபதி ரொஸ்மாவதியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இவ்வளவு தெளிவா பதில் இருக்கறப்ப, ஜனங்க கேட்டது மட்டும் ஏன் பாதியில நின்னுச்சு?"

"மக்ரிப் பாங்கு வந்துடுச்சு, துவான்."

நீதிபதி தலையை ஆட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல் தலையை ஆட்டினார். எழுதுகிறவர்கூட எழுதியபடியே தலையை ஆட்டினார். பாங்கு வந்துவிட்டது என்று சொன்னபிறகு மேலே என்ன கேட்பது? சொன்னது பொய்யும் இல்லை. வானொலியில் நடந்தது அதுதான். வீடியோவைப் பற்றி அவர் தனியாகக் கேட்கவில்லை, அவளும் வாய் திறக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பழியை அவள் பாங்கின் தலையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

மதியத்துக்குள் தீர்ப்பு வந்தது. தலாக் விழவில்லை. ஷம்சுரி இறந்த நிமிடம் வரை ஹலிஜா அவன் மனைவி.

வெளியே நிருபர்கள் காத்திருந்தார்கள். ஹலிஜாவை விட்டுவிட்டு ரொஸ்மாவதியைத்தான் மொய்த்தார்கள். ஒரு திருமணத்தைக் காப்பாற்றிய வானொலிக்காரி என்று ஒருவர் அங்கேயே தலைப்பைச் சொல்லிப் பார்த்தார். எல்லாம் இறைவன் நாட்டம் என்று அவள் சொன்னாள், எழுதிக்கொண்டார்கள். இந்த ஊரில் எந்தக் கேள்விக்கும் செல்லுபடியாகிற பதில் அது. மைக் முன்னால் பதினோரு வருஷம் இருந்தவளுக்கு அது தானாகவே வாயில் வந்தது.

அவர்கள் கீழே இறங்கிப் போனதும் ஹலிஜா வந்தாள். குனிந்து ரொஸ்மாவதியின் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டு, விடாமலே பேசினாள்.

"வீடு படகெல்லாம் அவங்களே வச்சுக்கட்டும் கக். நான் கேஸ் போட்டது அதுக்கில்ல. நான் யாருன்னு எனக்குத் தெரியணும்னுதான்."

ஹலிஜாவே தொடர்ந்தாள்.

"சேதி கேட்டு குவாந்தான்ல இருந்து பஸ் பிடிச்சு வந்தேன். குளிப்பாட்டிட்டாங்க. கஃபன் துணியை மூடறதுக்கு முன்னால எல்லாரும் வரிசையா போய் நெத்தியில முத்தம் கொடுத்தாங்க. நானும் வரிசையில நின்னேன். அவரோட அண்ணன் வந்து, நீ இப்ப அன்னியப் பொம்பளை, தொடக்கூடாதுன்னு சொன்னாரு. போன்ல அந்த வீடியோவைக் காட்டினாரு. ஹராம்னா செய்யக்கூடாதுல்ல கக்? செத்தவருக்கு அதனால ஏதும் வந்துடக்கூடாதேன்னு நானே வாசலுக்கு வந்துட்டேன். மூடிட்டாங்க."

பிடியை விடாமலே தோள் துணியில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"யார் மேல வருத்தப்படறது? பாங்கு அந்த நேரத்துல வரணும்னு எழுதியிருக்கு. அல்லா எழுதினத யாரு மாத்த முடியும்?"

அதைத்தான் ரொஸ்மாவதியால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். இவளோ ரொஸ்மாவதி மேல் விழ வேண்டிய கோபத்தை எடுத்துப் படைத்தவனிடம் கொடுத்துவிட்டு, அவனையும் மன்னித்துவிட்டு நிற்கிறாள். ரொஸ்மாவதிக்குத் தன்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது.

"பாங்கு இல்ல ஹலிஜா," என்றாள். "ரேடியோவுல 'ஆனா'ன்னு கேட்டுச்சு. அதுக்கப்புறம்தான் பாங்கு. வீடியோவுல அந்த வார்த்தைய நான்தான் வெட்டினேன். மிச்சத்தப் போடாததும் நான்தான். உன் புருஷன் மூணு தரம் கேட்டாரு. கொடுக்கலை."

ஹலிஜாவின் கைகள் இன்னும் அவள் கைகளைப் பிடித்தபடியே இருந்தன.

"எதுக்கு கக்?"

இத்தனை மாதமாக இந்தக் கேள்விக்கு ரொஸ்மாவதி எத்தனையோ பதில் கட்டி வைத்திருந்தாள். நேரமில்லை, மேலாளர் கேட்டார், எல்லா நிலையத்திலும் அப்படித்தான் செய்கிறார்கள். அந்தக் கண்களுக்கு முன்னால் ஒன்றுகூட நிற்கவில்லை. உண்மை ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"கேக்க நல்லா இருந்துச்சு."

ஹலிஜா மெதுவாகத் தன் கைகளை விடுவித்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள். "பஸ்ஸுல வர்றப்ப பூரா அதத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அவரு குரல் வேற எதுலயும் என்கிட்ட இல்ல."